சுடுமண்ணில் ஒரு பெயர்

சீன நாட்டின் சீஆன் நகருக்குக் கிழக்கே, லின்டொங் என்னும் பகுதியில், மண்ணால் ஆன படை ஒன்று அணிவகுத்து நிற்கிறது. 1974ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவ்வூர்க் குடியானவர்கள் சிலர் கிணறு தோண்டியபோது, தண்ணீருக்குப் பதிலாகச் சுடுமண் உருவத்தின் துண்டுகள் வெளிப்பட்டன. அன்று தொடங்கிய அகழாய்வு இன்றும் முடிந்தபாடில்லை. 230 மீட்டர் நீளமும் 62 மீட்டர் அகலமும் உள்ள முதற்குழியில் மட்டும் ஏறத்தாழ 6,000 உருவங்கள் இருக்கலாம் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர். ஆள் உயர வீரர்கள்; ஒருவர் முகம்போல் மற்றொருவர் முகம் இல்லை. மீசையின் முறுக்கும், கூந்தல் முடிச்சும், காலணியின் தையலும்கூடத் தெளிவாகத் தெரிகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்பு சிறு குழுவாகச் சென்றபோது, அக்குழியைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். உடன்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “எவ்வளவு அழகு ஐயா!” என்றார். மூச்சு விடும் நேரம் கழித்து, “இதற்காக எத்தனை பேர் செத்தார்களோ!” என்றார். இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே குரலில் வந்தன. அவற்றுள் எது சரியான சொல்? வியப்பா, வருத்தமா? பிறருடைய கண்ணீரால் எழுந்த ஒன்றைக் கண்டு மகிழ நமக்கு உரிமை உண்டா? அந்தப் பயணம் முழுவதும் இக்கேள்வி என்னோடு வந்தது. ஊர் திரும்பிய பின்னும் அது விடவில்லை.

அந்தப் படைக்கு உரியவர் சின் ஷி ஹுவாங். 13 வயதில் சின் நாட்டின் அரியணை ஏறியவர், கி.மு. 221இல் மற்ற நாடுகளை எல்லாம் வென்று, முதற் பேரரசர் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டவர். தம் வழியினர் இரண்டாம் பேரரசர், மூன்றாம் பேரரசர் எனப் பதினாயிரம் தலைமுறை ஆளவேண்டும் என்பது அவர் விருப்பம். கி.மு. 210இல் அவர் இறந்தார். கி.மு. 206க்குள் அவருடைய அரசமரபே அழிந்துபோயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் வாழ்ந்த வரலாற்றாசிரியர் சீமா சியென், அவருடைய கல்லறைப் பணிக்கு 7,00,000 பேர் கொண்டுவரப்பட்டதாக எழுதுகிறார். உள்ளே இருக்கும் செல்வத்தின் கமுக்கம் வெளியே தெரியாதிருக்க, பணி முடிந்ததும் கைவினைஞர்களை உள்ளேயே வைத்துக் கதவு அடைக்கப்பட்டது என்றும் அவர் குறிப்பிடுகிறார். எண்ணிக்கை கூடவோ குறையவோ இருக்கலாம். அம்மேட்டின் நடுவிலுள்ள கல்லறையோ இன்றுவரை திறக்கப்படவில்லை. ஆயினும் அங்கே உழைப்பு வற்புறுத்திப் பெறப்பட்டது என்பதில் ஐயமில்லை.

இத்தகைய இடங்களின்முன் நிற்கும் மனிதர் பெரும்பாலும் இருவகை விடைகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்கின்றனர்.

முதலாவது விடை, மறந்துவிடு என்பது. இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்துவிட்டன. கொடுமை செய்தவனும் இல்லை, கொடுமைக்கு ஆளானவனும் இல்லை. எஞ்சியிருப்பது கலை ஒன்றுதான். அதைச் சுவைத்துவிட்டுப் போவதே அறிவு என்பர். இவ்விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. எத்தனை ஆண்டுகள் கடந்தால் ஒரு குற்றம் கலையாகிறது? நூறா, ஐந்நூறா? காலம் கடந்ததனால் மட்டுமே ஒருவனுடைய துன்பம் பொருளற்றதாகிவிடுமெனில், இன்று நாம் படும் துன்பமும் ஒருநாள் பொருளற்றதாகிவிடும் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும். இறைவன்முன் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டது என்று நம்புகிற நாம் அதை ஒப்புக்கொள்ள முடியாது.

இரண்டாவது விடை, ஒதுக்கிவிடு என்பது. கொடுங்கோலன் கட்டியதைக் காணச் செல்வது அவனுக்குச் செய்யும் மரியாதை. ஆகவே போகாதே, போனாலும் புகழாதே என்பர். கேட்பதற்கு நேர்மையாகத் தோன்றும் இவ்விடையும் எனக்கு நிறைவளிக்கவில்லை. ஏனெனில் அந்தச் சிலைகளைச் செய்தவன் பேரரசன் அல்லன். மீசையின் முறுக்கை விரலால் நீவியவன் எவனோ ஒரு குயவன். நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், பேரரசனுக்கு இழப்பு ஒன்றுமில்லை. அந்தக் குயவனின் கைத்திறன்தான் இரண்டாம் முறையாக மண்ணுக்குள் போகிறது.

சீன மக்கள் இக்கேள்வியை நமக்கு வெகுகாலம் முன்பே எழுப்பியிருக்கின்றனர். பெருஞ்சுவரைப் பற்றி அவர்களிடையே வழங்கும் கதை நம் காதுகளுக்கும் எட்டவேண்டியது. மெங் ஜியாங்னு என்னும் இளம்பெண்ணின் கணவனைச் சுவர்ப்பணிக்கு இழுத்துச் சென்றுவிடுகின்றனர். குளிர் தொடங்குகிறது. கணவனுக்குக் குளிராடை எடுத்துக்கொண்டு அவள் நடந்தே செல்கிறாள். அவன் முன்பே இறந்துவிட்டான் என்று அங்கே கேட்டு அவள் அழுத அழுகையில் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுகிறது. உள்ளே எலும்புகள் தெரிகின்றன. இது வரலாறு அன்று, நாட்டுக்கதை. இன்று பயணிகள் ஏறிப் பார்க்கும் படாலிங் முதலிய பகுதிகள் மிங் அரசர்கள் காலத்தில், மிகப் பிற்பட்டு எழுந்தவை. ஆயினும் பெருஞ்சுவர் கிழக்கே கடலைத் தொடுகின்ற ஷான்ஹைகுவானுக்கு அருகில் அப்பெண்ணுக்கு ஒரு கோவில் இருக்கிறது. சுவரைக் காண வருவோர் அங்கும் செல்கின்றனர். சுவர் வேண்டாம் என்று அம்மக்கள் சொல்லவில்லை. சுவரை மட்டும் பார்க்காதே, அழுதவளையும் பார் என்கின்றனர்.

அழுதவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. சுவரின்மேல் கல் ஏற்றியவர்களுக்கு? அந்தப் பெயர்களைத் தேடத் தொடங்கியபோதுதான் என் கேள்விக்கு ஒரு வழி திறந்தது.

சுடுமண் வீரர்களின் உடலில் எளிதில் கண்ணுக்குப் படாத இடங்களில் சில எழுத்துகள் முத்திரையாகவோ கீறலாகவோ பதிந்திருக்கின்றன. அவற்றுட் பல, செய்தவரின் பெயர்கள். இவ்வாறு 80க்கும் மேற்பட்ட கைவினைஞரின் பெயர்கள் அறியப்பட்டுள்ளன. அரண்மனைப் பட்டறையைச் சேர்ந்தவர் சிலர். தலைநகரான சியென்யாங்கிலிருந்து வந்தவர் சிலர். இதை முதலில் கேட்டபோது என் நெஞ்சு குளிர்ந்தது. கலைஞனுக்கு அன்றே பெருமை தந்தார்களே என்று எண்ணினேன்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. பெயர் பொறிக்கச் சொன்னது பெருமைக்காக அன்று. செய்யும் பொருளில் செய்தவன் பெயர் இருக்கவேண்டும். குறை கண்டால் அவனைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கவேண்டும். இதுவே சின் நாட்டு நடைமுறை. வேலையில் பிழை நேர்ந்தால் யார் முதுகில் அடி விழவேண்டும் என்பதற்கான அடையாளமே அந்தப் பெயர். நாஞ்சிங் நகர மதிலிலும் இதே வழக்கத்தைக் காணலாம். மிங் அரசமரபைத் தொடங்கியவர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய அம்மதிலின் செங்கற்களில், மேற்பார்த்த அதிகாரி முதல் சூளை வைத்தவன், கல் அறுத்தவன் வரை பெயர்கள் வரிசையாக உள்ளன. கண்ணுக்கு இனிய காட்சிதான். ஆனால் அது ஒரு குற்றப்பதிவேட்டின் முதற்பக்கம். குற்றம் நேருமுன்பே எழுதி வைத்தது.

ஆகவே, பெயர் எழுதப்பட்டால் மட்டுமே ஒருவனுடைய மாண்பு காக்கப்பட்டுவிடாது. யார் எழுதினார், எதற்காக எழுதினார் என்பதும் வேண்டும்.

பேரரசரின் கல்லறை மேட்டிற்குச் சற்றுத் தொலைவில் ஜாவ்பெய்ஹு என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1970களின் இறுதியில், கல்லறைப் பணியில் இறந்த உழைப்பாளர்களின் புதைகுழிகள் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. பலர் ஒரே குழியில் நெருக்கிப் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களோடு 18 உடைந்த ஓட்டுத் துண்டுகள் கிடைத்தன. கூரை வேய்வதற்காகச் சுட்ட ஓடுகள் அவை. அவற்றில் இறந்தவரின் ஊரும் பேரும் கீறப்பட்டிருந்தன. டோங்வூ என்னும் ஊரைச் சேர்ந்த சிங்ஜி என்பவரின் பெயர் அவற்றுள் ஒன்று. அந்த ஊர் இன்றைய ஷான்டொங் மாநிலத்தில், அக்கல்லறையிலிருந்து ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவர் குற்றவாளி அல்லர். அரசு அளித்த சிறிய பட்டம் ஒன்றையும் உடையவர். அரசுக்குச் செலுத்தவேண்டிய கடனை உழைத்துத் தீர்க்க வந்தவர் என்றும் அந்த ஓடு சொல்கிறது. கடன் தீருமுன் உயிர் தீர்ந்தது.

இந்தப் பெயரை யார் கீறியிருந்தாலும், அதில் வேலையின் தரத்தை ஆய்வதற்கு ஒன்றுமில்லை. இறந்தவனை இனித் தண்டிக்கவும் முடியாது. ‘இங்கே கிடப்பவன் வெறும் எண் அல்லன், இன்ன ஊரான், இன்ன பேரான்’ என்பதைத்தவிர அந்த ஓடு வேறெதுவும் சொல்வதற்கில்லை. விண்ணளாவிய புகழை நாடிய பேரரசருக்கு மலைபோன்ற மேடு. சிங்ஜிக்கு ஒரு கையளவு ஓடு. இரண்டும் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்துவிட்டன.

பெயரை அன்போடு எழுதுவது எப்படியிருக்கும் என்பதை அதே சீஆன் நகரில் வேறோர் இடத்தில் கண்டேன். கல்வெட்டுகளின் காடு என்று பொருள்படும் பெய்லின் அருங்காட்சியகத்தில், ஆமையின் முதுகின்மேல் நிற்கும் கருங்கல் ஒன்று உள்ளது. கி.பி. 781இல் நாட்டப்பட்டது. கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த அலோபென் என்னும் துறவி 635ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்து நற்செய்தி அறிவித்ததை அது சொல்கிறது. கிறிஸ்தவத்தை அக்கல் ஒளியின் சமயம் என்று குறிப்பிடுகிறது. 845இல் நேர்ந்த ஒடுக்குமுறைக்குப் பின் அந்தச் சபை அங்கே மங்கிப்போயிற்று. கல்லும் மண்ணுக்குள் மறைந்து, 1620களில்தான் மீண்டும் வெளிவந்தது. அதன் பக்கங்களில் சீன எழுத்துகளோடு, நம் அண்டை மாநிலமான கேரளத் திருச்சபைகளின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கும் சுரியானி மொழியின் எழுத்துகளும் உள்ளன. அவை ஏறத்தாழ 70 பேரின் பெயர்கள். ஆயர், குருக்கள், துறவியர் எனப் பெரும்பாலோர் வேறெந்த வரலாற்று நூலிலும் இடம்பெறாதவர்கள். யாரும் அவர்களிடம் கணக்குக் கேட்கப்போவதில்லை. ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்திருந்தது என்பதற்குச் சான்றாகவே அப்பெயர்கள் நிற்கின்றன.

பெய்ஜிங்கில் இன்னொரு கல்லைப் பற்றி அறிந்தேன். 1610ஆம் ஆண்டு மே 11இல் அந்நகரில் இறந்த இயேசு சபைக் குரு மத்தேயோ ரிச்சியின் கல்லறைக் கல் அது. சீன மொழியைக் கற்று, சீன அறிஞருள் ஓர் அறிஞராக வாழ்ந்த அவரை அம்மக்கள் லி மாதோ என்று அழைத்தனர். அயல்நாட்டவரான அவரை அடக்கம் செய்யப் பேரரசர் வான்லி நிலம் அளித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். இன்று ஒரு கல்லூரி வளாகத்தினுள் அமைந்துள்ள அக்கல்லறைத் தோட்டத்தில் அவரோடு 60க்கும் மேற்பட்டோரின் கற்கள் நிற்கின்றன. அவர்களுள் சீன நாட்டவரும் உண்டு. 1900ஆம் ஆண்டுக் கலவரத்தில் அந்த இடம் அழிக்கப்பட்டது. 1966இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது மீண்டும் ஆபத்து வந்தது. அப்போது ரிச்சியின் கல் மண்ணுக்குள் புதைக்கப்பட்டது. புதைத்ததனாலேயே அது உடைபடாமல் பிழைத்தது. பின்னர் மீட்டு நிறுத்தப்பட்டது. மனிதர் அழிக்க நினைத்த பெயரை மண் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், பெயர் எழுதும் முறைகள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. தன்னைப் பெரியவனாகக் காட்டத் தன் பெயரைத் தானே எழுதுவது ஒன்று. அது பேரரசன் செய்தது. பிறனை அடக்கி ஆள அவன் பெயரை எழுதுவது மற்றொன்று. அது மேற்பார்வையாளன் செய்தது. பிறன் மறக்கப்படக்கூடாது என்பதற்காக அவன் பெயரை எழுதுவது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு வேரான உண்மையைத்தான் நம் மறை நமக்குக் கற்பிக்கிறது. நல்ல ஆயன் ஆடுகளை எண்ணிக்கையால் அறிவதில்லை, பெயரால் அறிகிறான். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற மரியா, உயிர்த்த ஆண்டவரை அவருடைய தோற்றத்தால் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. தன் பெயரை அவர் சொல்லக் கேட்டபோதே கண்டுகொண்டாள்.

அப்படியானால் அந்த ஆசிரியையின் இரண்டு சொற்களுள் எது சரி? இரண்டும் சரி என்பதே இன்று என் விடை. ஆனால் இரண்டும் சேர்ந்து வந்தால்தான் சரி. வருத்தமில்லாத வியப்பு, பேரரசனின் கண்ணால் பார்ப்பது. அங்கே உழைப்பாளி கருவி மட்டுமே. வியப்பில்லாத வருத்தமும் உழைப்பாளியை முழுமையாக மதிப்பதாகாது. அவனுடைய கண்ணீரை அது ஏற்கிறது, அவனுடைய கைத்திறனை ஏற்க மறுக்கிறது. அடிமைப்பட்ட கையும் அழகைப் படைத்தது என்பது கொடுங்கோலனுக்குச் சேரவேண்டிய புகழன்று. அடிமைத்தனத்தாலும் அழிக்கமுடியாத இறைச்சாயல் மனிதனில் உண்டு என்பதற்கு அது சான்று.

பெய்ஜிங் அரண்மனை நகரை அடைந்தபோது இந்தக் கண்ணோடு பார்க்க முயன்றேன். 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டு, 1925 முதல் அருங்காட்சியகமாக விளங்கும் அவ்விடத்தில், படிக்கட்டுகளின் நடுவே நாகங்கள் செதுக்கிய மாபெரும் கற்பலகைகளைக் காணலாம். இத்தகைய கற்களை ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுரங்கத்திலிருந்து எப்படிக் கொண்டுவந்தார்கள்? கடுங்குளிர்காலத்தில், வழியில் கிணறுகள் வெட்டித் தண்ணீர் இறைத்து ஊற்றிப் பாதையைப் பனிக்கட்டியாக்கி, அதன்மேல் சறுக்கி இழுத்தனர். 1557இல் 123 டன் எடையுள்ள ஒரு கல் இவ்வாறு 28 நாள்களில் வந்து சேர்ந்தது. அரங்குகளின் மஞ்சள் ஓடுகளைப் படமெடுக்கும் கூட்டத்தின் நடுவே நின்று, அந்த 28 நாள்களின் குளிரில் கயிறு பிடித்த கைகளை எண்ணிப்பார்த்தேன். அரண்மனையின் அழகு அதனால் குறைந்துவிடவில்லை. நான் அதைக் கடந்துசெல்லும் வேகம்தான் குறைந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது, என் அறையைத் துப்புரவு செய்திருந்த பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. மூன்று நாள்களாக அவர் வணக்கம் சொல்லியிருந்தார், நானும் தலையசைத்திருந்தேன். அவருடைய சட்டையில் பெயர்ச்சீட்டுக்கூட இருந்தது. 2,200 ஆண்டுகளுக்கு முன் இறந்தவனின் பெயரைத் தேடி ஓட்டுத்துண்டைப் படித்தவன், உயிரோடு முன்னால் நின்றவரின் பெயரைப் படிக்கவில்லை. இறந்த ஏழைகளுக்காக இரங்குவது எளிது. அவர்கள் நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை.

நம் ஆலயங்களுக்கும் இக்கேள்வி உரியதே. மின்விசிறியின் இறகிலும், குழல்விளக்கின் பட்டையிலும், இருக்கையின் முதுகிலும் ‘உபயம்’ என்று எழுதி நம் பெயர்களைப் பதிக்கிறோம். கொடுத்தவரை நன்றியோடு நினைப்பது தவறன்று. ஆனால் கோபுரத்தின் உச்சிவரை சாரத்தில் ஏறிய கொத்தனாரின் பெயர், சித்தாளாகச் சுண்ணாம்பும் செங்கல்லும் சுமந்த பெண்ணின் பெயர், எந்தச் சலவைக்கல்லிலாவது இருக்கிறதா? நாம் எழுதிய பெயர்கள் மேற்கூறிய மூன்று வகைகளுள் எதைச் சேர்ந்தவை என்று ஒவ்வொருவரும் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் மாதத்தில் இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதிப் பீடத்தருகே வைப்பது நம் பங்குகளில் வழக்கம். இறைவன் ஒருவரே அறிந்த நம்பிக்கையோடு இறந்த எல்லாருக்காகவும் திருச்சபை நாள்தோறும் மன்றாடுகிறது. ஆகவே என் பெற்றோரின் பெயர்களுக்குக் கீழே, இந்த ஆண்டு இன்னும் ஒரு வரி சேர்க்கப்போகிறேன்: ‘டோங்வூ ஊர் சிங்ஜி, கட்டடத் தொழிலாளி.’ வாசிக்கும்போது நம் உபதேசியார் சற்றுத் தடுமாறக்கூடும். யார் இவர் என்று திருப்பலி முடிந்து கேட்டால், சொல்வதற்கு என்னிடம் ஓர் ஓட்டுத் துண்டின் கதை இருக்கிறது.